ஒரு நாள் கழிச்சு

இருங்க, இருங்க. இப்பச் சொன்னீங்களே, அத இன்னொருக்காச் சொல்லுங்க. சாக்கு கழிச்சு எடை வரோணும். அதானுங்களே? மஞ்ச மூட்டையத் தராசுல வெச்சா, சாக்கு எடை போக மஞ்ச எடை மட்டும் கம்ப்யூட்டர்ல ஏறோணும். நல்லாவே புரியுது. ஆனா அந்த வார்த்தைய இந்த ஆபீஸ்ல நாங்க எழுதறதில்லீங்க. நாங்கன்னா நாந்தான். இப்போதைக்கு ஒருத்தந்தான். "சாக்கின் எடையைக் குறைத்து"ன்னு எழுதிக்கறேன். கீழ ஒரு கையெழுத்துப் போட்ருங்க. முழுசாப் படிச்சிட்டுப் போடுங்க, அவசரமில்ல.

டீ சொல்லியிருக்கேன், வந்துரும். ஃபேன் அந்த வேகந்தான், அதுக்கு மேல சுத்தாது.

ஏன் அந்த வார்த்தை கூடாதுன்னு நீங்க கேக்கல. ஆனா மொகத்துல தெரியுது. சொல்றேன், கேட்டுக்கங்க. நாளைக்கு நீங்களும் ஒண்ணச் சொல்லீட்டு இன்னொண்ண எதிர்பார்த்தீங்கன்னா சங்கடம் பாருங்க. அதுக்காகத்தான் சொல்றது. மத்தபடி பழசப் பேசற பழக்கம் எனக்குக் கெடையாது.

மரகதம் மஹால் தெரியுமுங்களா? பைபாஸ்ல பெட்ரோல் பங்க் தாண்டினதும் வரும், முன்னால ரெண்டு சிமெண்ட் யானை நிக்கும். அதுக்கு முதலாளி சென்னியப்பன். டவுனுக்குள்ள எண்ணெய்க் கடையும் இருக்குது. மண்டபத்துல ஒரு பக்கம் புக்கிங் எடுப்பாங்க, எண்ணெய்க் கடையில மருமகன் உக்காந்து ஒரு பக்கம் எடுப்பான். இவங்க குடுத்த தேதிய அவங்களும் குடுத்துட்டு முழிப்பாங்க. அதுக்குத்தான் என்னத் தேடி வந்தாரு. இதே நாற்காலிதான். நீங்க உக்காந்திருக்கற அதே நாற்காலியில உக்காந்துக்கிட்டு, "தம்பி, எந்தப் பக்கம் புக்கிங் எடுத்தாலும் இன்னொரு பக்கம் தெரியற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் பண்ணிக் குடு, உம்பேரச் சொல்லிக்கிட்டு இருப்பேன்"ன்னாரு. பேரச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு, அது வேற விஷயம்.

நான் எதையும் பேப்பர்ல எழுதி வாங்காமத் தொட மாட்டேனுங்க. அன்னைக்கும் அப்படித்தான். அவரு சொல்லச் சொல்ல எழுதினேன். நம்ம பக்கத்துக் கல்யாணத்துல முந்தின நாள் சாயங்காலமே ஜனம் வந்து எறங்கிரும், சீரு விருந்தெல்லாம் அன்னைக்குத்தான், முகூர்த்தம் மறுநாள் காலையில. இதெல்லாம் அவரு சொன்னாரான்னா சொல்லல. அவரு சொன்னது ஒரே வரி. "முகூர்த்த தேதியில ஒரு நாள் கழிச்சு மண்டபத்த அவங்களுக்கு ஒதுக்கிரோணும்." நான் என்ன எழுதினேன்? "முகூர்த்தத் தேதியில் ஒரு நாள் கழித்து மண்டபம் ஒதுக்கப்பட வேண்டும்." ஒரு எழுத்து மாத்தல. படிச்சுப் பாருங்கண்ணான்னேன். ஃபோனக் காதுல வெச்சுக்கிட்டே, யாருகிட்டயோ புண்ணாக்கு வெல பேசிக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு. போட்டாருங்களா இல்லீங்களா? ஃபைல் இருக்குது, காட்டறேன்.

அப்ப எங்கிட்டக் கோகிலவாணின்னு ஒரு அம்மிணி வேலை பாத்துச்சு. கெட்டிக்காரி, நாந்தான் தயார் பண்ணினேன். அது அந்த வரியப் படிச்சிட்டு, "சார், கழிச்சுன்னா இதுல பின்னாடியா, குறைக்கறதா? கூட்டல் போடறதா, கழித்தல் போடறதா? ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டுரலாமா"ன்னுச்சு. கையெழுத்துப் போட்ட பேப்பர் மேல ஃபோன் எதுக்கு, எழுதி இருக்கறதப் பண்ணும்மான்னேன். ரெண்டு நாள் கழிச்சு வான்னா எப்ப வருவீங்க? ரெண்டு நாள் பின்னாடிதான வருவீங்க? நான் சொன்னது சரிதானுங்களே?

சரிதானுங்க. தலைய ஆட்டுங்க.

ஆக, முகூர்த்தத்தன்னைக்கும் அதுக்கு மறுநாளும் மண்டபம் அந்தக் கல்யாணத்துக்குன்னு ப்ரோக்ராம் ஆயிருச்சு. முந்தின நாள் காலி.

டெமோ காட்டறதுக்கு மண்டபத்துக்கே போனேன். அந்த ஆளு என்ன பண்ணியிருந்தாருன்னா, ஒரு கூட்டத்தையே கூட்டி வெச்சிருந்தாரு. சமையல் காண்ட்ராக்ட் எடுக்கற பொன்னுரங்கம், பந்தல்காரரு, சீரியல் லைட் போடறவங்க, அவங்கூட வந்தவங்க. கம்ப்யூட்டர் வாங்கினத ஊருக்கே காட்டோணுமாமா. நானும் தேதிய அடிச்சேன். முகூர்த்த நாள் செவப்பாச்சு, மறுநாள் செவப்பாச்சு.

ஒரு நிமிஷம் பாத்தாரு. அப்பறம் சிரிச்சாரு பாருங்க. "ஏந்தம்பி, தாலி கட்டி முடிச்ச பொறகுதான் உங்கூர்ல பொண்ணழைப்பாங்களா?" பந்தல்காரன் சிரிக்கறான், லைட்டுக்காரன் சிரிக்கறான். நான் பொறுமையா ஃபைலத் தொறந்து, அண்ணா, நீங்க சொன்ன வரி இது, உங்க கையெழுத்து இதுன்னேன். அதப் பாக்கவே இல்லீங்க. "பேப்பரு கெடக்கட்டும் தம்பி. இதெல்லாம் சொல்லாமயே தெரிய வேண்டாமா"ன்னாரு. அதோட விட்டிருந்தாக் கூடப் பரவால்ல. அந்தப் பொன்னுரங்கத்தப் பாத்து, "தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகல. ஆகியிருந்தாத் தெரிஞ்சிருக்கும்"ன்னாரு.

எல்லாரும் சிரிச்சாங்க. பொன்னுரங்கம் வாயில இருந்த வெத்தலையத் துப்பீட்டு வந்து சிரிச்சான்.

எனக்கு ஆகலீங்க. ஆகல, அவ்வளவுதான். பாத்தாங்க, அமையல. அப்பறம் அம்மா போயிட்டாங்க, அதுக்கப்பறம் பாக்கறதுக்கு ஆளில்ல. இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குதுங்க? நான் என்ன அவரு வீட்டுப் பொண்ணக் கேட்டேனா? கூட்டல் கழித்தல் பேச வந்த எடத்துல என் கல்யாணத்த எதுக்குப் பேசோணும்? அன்னைக்கு வண்டியோட்டீட்டு வரும்போது கண்ணு எரிஞ்சுது. வெயிலுன்னு நெனச்சுக்கிட்டேன்.

அன்னைக்கு முடிவு பண்ணினதுதானுங்க. இனி அந்த ஆளு வாயில என்ன வருதோ அதத்தான் செய்யறது. ஒரு இம்மி கூட்டறதில்ல, ஒரு இம்மி குறைக்கறதில்ல.

அன்னைக்கு மண்டபத்துல இருந்து நான் கெளம்பும்போது என்ன சொன்னாரு தெரியுமா? "முந்தின நாளும் செவப்பாத் தெரியோணும். மறுநாள் செவப்பு வேண்டாம். அவ்வளவுதான், சீக்கிரம் பண்ணு." நான் புதுசா ஒரு பேப்பர் எடுத்தேன். "முகூர்த்தத்திற்கு முந்தின நாள் சிவப்பாகத் தெரிய வேண்டும். மறுநாள் சிவப்பு வேண்டாம்." எழுதிக் குடுத்தேன். படிக்காமக் கையெழுத்து.

இப்பக் கவனிங்க. தெரியோணும்னாரு. செவப்பாத் தெரியோணும். அந்த நாள்ல வேற புக்கிங் எடுக்கக் கூடாதுன்னு சொன்னாரா? சொல்லல. நான் நெறத்த மாத்தினேன். நெறத்த மட்டும். உள்ள கணக்கு பழைய மாதிரியே இருந்துச்சு, முந்தின நாள் காலின்னு. அந்த நெறமெல்லாம் மண்டபத்துல இருக்கற கம்ப்யூட்டர்லதான் வரும். எண்ணெய்க் கடையில மருமகன் உக்காந்திருக்கானே, அவனுக்கு நெறம் கெடையாது. தேதிய அடிச்சா "காலி"ன்னோ "இல்லை"ன்னோ ஒரு வார்த்தை வரும், அவ்வளவுதான். அவனுக்கு "காலி"ன்னு வரும்.

சிரிக்க மாட்டேங்கறீங்க. இதுல ஒரு அழகு இருக்குதுங்க. வேலை தெரிஞ்சவனுக்குத்தான் அது தெரியும்.

கோகிலவாணி திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. "கூட்டல் இருக்கற எடத்துல கழித்தல் போட்டா முடிஞ்சுது சார், நான் போட்டுறட்டுமா?" நான் பாத்துக்கறேன், நீ அந்தப் பள்ளிக்கூட வேலையப் பாருன்னேன். கொஞ்ச நாள் விட்டு மறுபடியும், "மாத்தீட்டீங்களா சார்?" மாத்தியாச்சும்மான்னேன். பொய் இல்லீங்க. மாத்தினேனே, நெறத்த.

அப்பறம் காத்திருந்தேன். ஆடி மாசம், மண்டபமெல்லாம் ஈ ஓட்டும். நான் காலண்டர்ல ஆவணி முகூர்த்தத்தையெல்லாம் பாத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒவ்வொரு முகூர்த்தம் வரும்போதும் காலையில எந்திரிக்கும்போதே ஒரு சந்தோஷம். இன்னைக்கா, நாளைக்கான்னு. சாப்பாடு நல்லா எறங்குச்சு. ஒடம்பு கூட வெச்சுட்டேன். அம்மா போனதுக்கப்பறம் நான் அப்படிச் சந்தோஷமா இருந்தது அந்த ஒரு மாசந்தானுங்க.

அந்த நேரத்துலதான் அந்த அம்மிணி கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்துச்சு. தட்டுல வெத்தலை பாக்கு, பழம் எல்லாம் வெச்சு முறைப்படி. "சார், நீங்க அவசியம் வரோணும். உங்களுக்குத் தெரிஞ்ச எடந்தான்"ன்னுச்சு. நல்லா இரும்மான்னு வாங்கி மேசை மேல வெச்சேன். நான் கல்யாணப் பத்திரிகையப் பிரிக்கறதில்லீங்க. ரொம்ப வருஷமாவே இல்ல. போறதுமில்ல. போனா ஒவ்வொருத்தனும் ஒண்ணு கேப்பான். அதனால பிரிக்கறதில்ல.

டீ வந்துருச்சு பாருங்க. எடுத்துக்கங்க. சக்கரை கம்மியாத்தான் போடச் சொல்லியிருக்கேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃபோன் வந்துச்சு. சென்னியப்பன். சத்தம் போடல, கொரலே எறங்கிக் கெடந்துச்சு. "தம்பி, ஒடனே பொறப்பட்டு வா. மானம் போகுது"ன்னாரு. வர்றேனுங்கண்ணான்னேன். தேச்ச சட்டை எடுத்துப் போட்டேன். ஃபைல எடுத்துக்கிட்டேன். ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்குத்தான் தலையச் சீவிக்கிட்டுக் கெளம்பினேன். பாருங்க, எனக்கே அந்த வார்த்தை வந்துருது.

நேரா உள்ள போயிரலீங்க. எதுத்தாப்பல ஒரு டீக்கடை இருக்குது. அங்க நின்னு ஒரு டீ குடிச்சேன். பாக்கோணுமில்ல? எத்தன நாள் காத்திருந்தது. மண்டபத்துக்குள்ள ஒரு உரக் கம்பெனிக்காரங்க விவசாயிகளக் கூட்டி வெச்சு மைக்குல பேசிக்கிட்டு இருக்காங்க. எண்ணெய்க் கடையில புக் பண்ணினது. வாசல்ல கல்யாணக்காரங்க வந்து எறங்கிக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு மறுநாள் காலையில முகூர்த்தம், அது மண்டபத்துல புக் பண்ணினது. ஒரு யானையில வாழைமரம் கட்டியிருக்குது, இன்னொரு யானையில உரக் கம்பெனி பேனரு தொங்குது. பொம்பளைங்க சீர்த்தட்டக் கையில வெச்சுக்கிட்டு ரோட்டோரத்துல நிக்கறாங்க. அதுக்கு நடுவுல சென்னியப்பன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு இந்தப் பக்கம் ஓடறாரு, அந்தப் பக்கம் ஓடறாரு, கும்பிடறாரு. டீ அவ்வளவு ருசியா இருந்துச்சுங்க. இன்னொண்ணு வாங்கிக் குடிச்சேன்.

அப்பறம் போனேன். பொன்னுரங்கம் அங்கதான் இருந்தான், அடுப்பு எங்க வெக்கறதுன்னு தெரியாமப் பாத்திரத்தோட நிக்கறான். அவன் காதுல விழற மாதிரி, எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி, ஃபைலத் தொறந்து ரெண்டு வரியையும் படிச்சேன். மொத வரி, கையெழுத்து. ரெண்டாவது வரி, கையெழுத்து. செவப்பாத் தெரியோணும்னீங்க, தெரியுது, போய்ப் பாருங்கன்னேன்.

சென்னியப்பன் என்னையவே பாத்தாரு. "ஏந்தம்பி, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல"ன்னாரு.

நான் எத்தன தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாத்த பதிலுங்க அது. நிதானமாச் சொன்னேன். "எல்லாத்தையும் சொல்லாமயே தெரிஞ்சுக்கறவரு நீங்கதானுங்களேண்ணா."

பொன்னுரங்கம் அன்னைக்குச் சிரிக்கல. ஒருத்தனும் சிரிக்கல. அந்த நிமிஷத்தோட கதைய முடிச்சிருந்தா ரொம்ப நல்லா இருந்திருக்கும்.

பொண்ணு உக்காந்திருந்த வேன் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்துச்சு. கதவு தொறந்து பொண்ணு எறங்குச்சு. பட்டுச் சேலை, தலை நெறையப் பூவு. யாரோன்னு பாத்தேன். கோகிலவாணிங்க.

கிட்ட வந்துச்சு. என்னப் பாத்துச்சு, கையில இருந்த ஃபைலப் பாத்துச்சு. அந்த மொத வரியப் படிச்சிட்டு, கூட்டலா கழித்தலான்னு கேட்டதே அதுதானுங்களே. எல்லாமே புரிஞ்சிருச்சுன்னு நெனைக்கறேன். "மாத்தியாச்சுன்னு சொன்னீங்களே சார்"ன்னுச்சு. சத்தமே இல்ல. அவ்வளவுதான் கேட்டுச்சு.

உங்கல்யாணம் இங்கன்னு எனக்கெப்படித் தெரியும், நீ சொல்லலயேன்னேன். "பத்திரிகை குடுத்தேனே சார்"ன்னுச்சு. குடுத்தா? வாயால ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? தெரிஞ்ச எடம்னா இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச எடம் ஆயிரம் இருக்குது. மரகதம் மஹால்னு ரெண்டு வார்த்தை வாய் விட்டுச் சொல்லியிருந்தா நான் அந்தக் கழித்தலப் போட்டிருக்க மாட்டேனா? சொல்லாம எப்படிங்க தெரியும்?

நீங்களே நாயத்தச் சொல்லுங்க.

அப்பறம் அந்த ஆளு போட்ட நாடகத்தக் கேளுங்க. பொண்ணோட அப்பங்கிட்டப் போய்க் கையப் புடிச்சுக்கிட்டு, தப்பு என்னுதுன்னாரு. என் பேரச் சொல்லல. பக்கத்துத் தெருவுல அவரு வீடு, வீட்டையே தொறந்து விட்டுட்டாரு. பொண்டாட்டி, மருமக எல்லாம் வந்து பொண்ணுகாரங்கள உள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க. வாசல்லயே பந்தலு, வாசல்லயே பந்தி. பொன்னுரங்கம் ரோட்டோரத்துல அடுப்பு வெச்சு ஆக்கினான். சென்னியப்பன் தோள்ல பெஞ்சத் தூக்கிக்கிட்டு வந்து போட்டாரு. மறுநாள் காலையில முகூர்த்தம் மண்டபத்துலயே நடந்துச்சாமா. எல்லாம் பேர் வாங்கறதுக்குப் பண்றதுங்க. ஜனம் அதப் போயி நம்புது.

நான் பெஞ்சு தூக்கலீங்க. எனக்கு அது வேலையில்ல. எங்கிட்டக் கையெழுத்து இருக்குது, நான் எதுக்குத் தூக்கோணும்?

கல்யாண லீவு முடிஞ்சு வரும்னு பாத்தேன். வரல. அவ புருசன் வந்து ஆபீஸ் சாவியக் குடுத்துட்டுப் போனான். அப்பறம் பாத்தா, ஸ்டேட் பேங்க் ரோட்டுல அதுவே தனியா போர்டு மாட்டியிருக்குது. மொத வேலையே மரகதம் மஹால்தான். சென்னியப்பனே கூப்பிட்டுக் குடுத்தாராமா. பள்ளிக்கூடம் போச்சு, நூல் கடைக்காரரு போனாரு, ஒவ்வொருத்தரா அங்க போயிட்டாங்க. நான் சோறு போட்டு வளத்த பொண்ணுங்க அது. அங்க எப்படி வேலை எடுக்குது தெரியுமா? பேப்பரே பெருசாக் கெடையாதாமா. எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்குமாமா. இப்படியா, அப்படியா, இதுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு. வேலை தெரியாதவங்கதான் அப்படிக் கேப்பாங்க. ஒரு நாள் அதுவும் மாட்டும். அன்னைக்கும் எதுத்தாப்பல ஒரு டீக்கடை இல்லாமயா போயிரும்? நான் நின்னு பாப்பேன்.

பத்திரிகைங்களா? இருக்குது. இந்தா, இந்த டிராயர்லதான். ஒட்டுக்கூடப் பிரிக்கல பாருங்க. மஞ்சத் தடவின மூலை அப்படியே இருக்குது. உள்ள எம்பேரப் போட்டிருக்குன்னு யாரோ சொன்னாங்க, தம்பதியர வாழ்த்தறவங்க வரிசையில. உண்மையோ பொய்யோ. இனிப் பிரிச்சு என்ன ஆகப் போகுது?

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். "சாக்கின் எடையைக் குறைத்து." படிச்சிட்டீங்களா? இங்க ஒரு கையெழுத்து, அடுத்த பக்கத்துல ஒண்ணு. ஈரப்பதம் பத்தி என்னமோ சொல்ல வந்தீங்க, நாந்தான் நடுவுல பேசீட்டேன். சொல்லுங்க, எழுதிக்கறேன்.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? டீ அப்படியே இருக்குதே.

அவசர வேலைங்களா. அதுக்கென்ன, பாத்துட்டு வாங்க. பேனா உங்களுதுதான், எடுத்துக்கங்க. பேப்பர் இங்கயே இருக்கட்டும், தேதி மட்டும் போட்டு வெச்சுக்கறேன். எப்ப வருவீங்க?

ரெண்டு நாள் கழிச்சுங்களா?

சரிங்க. படி செங்குத்தா இருக்கும், பாத்து எறங்குங்க. கையெழுத்தெல்லாம் வேண்டாமுங்க. இங்க வந்துட்டுப் போறவங்க எல்லாருமே இதையேதான் சொல்லீட்டுப் போறாங்க. இந்த ஒண்ணுக்கு மட்டும் நான் அர்த்தம் கேக்கறதில்ல. அது எனக்குச் சொல்லாமயே தெரியுமுங்க.